மெதுவாக இழுத்த கோடு

"இந்தா, இன்னைக்கும் வட்டம் அறுந்து போச்சு."

பாண்டித்துரை போனை மகனிடம் நீட்டினார். பள்ளிவாசல் எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் மெஷின் பார்த்த கை. பக்கவாதம் வந்த பிறகு பென்சில் பிடிக்க வரவில்லை. போனில் விரலால் வட்டம் வரையச் சொல்லியிருந்தார் பிசியோதெரபிஸ்ட். வரையும் ஆப் மகன் லோகேஷ் எழுதியது.

"கை நடுங்குதுப்பா. கொஞ்சம் வேகமா இழுத்துப் பாருங்க."

பொய். வியாழக்கிழமையே அவனுக்குத் தெரியும்.

ஒவ்வொரு தொடுதலுக்கும் படம் முழுவதையும் புதுப்பித்தால் பழைய போன் திணறும். அதனால் விரல் நகர்ந்த சின்னக் கட்டத்தை மட்டும் புதுப்பிக்க வைத்திருந்தான். இம்மி அளவு நகர்ந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லியிருந்தான். அங்கேதான் தப்பு. கோட்டை வரையாமல் விட்ட ஆப், அடுத்த கோடு தொடங்கும் புள்ளியை மட்டும் முன்னால் தள்ளிவிட்டது. வேகமான விரலுக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவைப் போல ஊர்ந்து வரைபவருக்குக் கோடே விழாது.

புதன்கிழமைதான் அவன் வேலை பார்க்கும் கொச்சி ஆபீசில் அந்த வேகத்துக்காகக் கைதட்டினார்கள். இப்போது தப்பு என்று சொன்னால் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து. ஆப் வெளியான பிறகு சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

"சாந்தம்மா, அந்தக் கடுதாசிய எடு" என்றார் அப்பா. "நாளைக்கு வேலைய விட்டுடுறேன்னு குடுத்துடுறேன். ஆறு வாரமா ஒரு வட்டம் வரல. இனி லீவ நீட்டி என்ன பண்ண?"

"வேலைய விட்டா தோட்டத்துல குடுத்த இந்த லயத்து வீட்டையும்ல விடணும்?" அம்மா கடுதாசியை எடுக்கப் போகவில்லை.

லோகேஷ் கையை நீட்டினான். "போனக் குடுங்கப்பா. ஆப்ப ஒரு தடவ புதுசாப் போட்டுத் தாரேன்."

மாற்றியது இரண்டே வரி. பத்து நிமிடத்தில் போனைத் திருப்பிக் கொடுத்தான். அப்பாவின் விரல் ஊர்ந்தது. கோணல்தான். ஆனால் முழு வட்டம்.

"ஏளா! இங்க வந்து பாரு!"

"நான் தேய்ச்ச எண்ணெய்! நாத்தம்னு மூக்கப் பொத்துனீயளே!" என்றபடி வந்தாள் அம்மா.

"கடுதாசியும் வேண்டாம், லீவும் வேண்டாம். நாளைக்கு இலை உருட்டுற மெஷினுக்கே போறேன். ஒரே நாள்ல கை சரியாயிட்டு!"

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படியே விட்டுவிடலாம் என்றுதான் லோகேஷ் நினைத்திருந்தான். ஆனால் பென்சில் பிடிக்க வராத அந்தக் கை நாளைக்கு ஓடும் மெஷினுக்குள் போகும்.

"கை ஒரே நாள்ல சரியாகலப்பா. கோடு விழாம இருந்தது என் தப்பு. உங்க கை கொஞ்சங்கொஞ்சமா தேறிக்கிட்டுதான் இருந்திருக்கு. ஆப்புதான் காட்டல."

அப்பா நிமிரவில்லை. "எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழம."

"நாலு நாளு." வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாலு நாளா இதத் திட்டிக்கிட்டிருந்தேன்லே. நீ பக்கத்துலதான் உக்காந்திருந்த."

அப்பா இடது கையால் போனை எடுத்து மடியில் வைத்தார்.

"லீவ நீட்டக் கேட்டு எழுது. கை தேறி வருதுன்னு போடு. உம் பேரு அதுல வேண்டாம்." போனைப் பார்த்தபடி, "கொச்சிக்காரன்கிட்ட மட்டும் இன்னைக்கே சொல்லிரு. இல்லன்னா வேற எவனாவது தன் கைய நொந்துக்குவான்" என்றார்.

லோகேஷ் தன் போனில் ஆபீஸ் எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. அப்பா அவன் பக்கம் திரும்பாமல் அடுத்த வட்டத்தைத் தொடங்கியிருந்தார்.