மின்னியின் பதில்

அவளைக் கொல்ல நான் யார்? நெருப்பு வரட்டும், பாலம் எரியட்டும், எல்லாம் சரி. ஆனால் சாகும்முன் அவள் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

கைப்பேசியைக் காதில் வைத்தபடி தெய்வானை யோசித்துக்கொண்டிருந்தாள். கியாக்டடா பேட்டைத் தேநீர்க்கடையின் மாடியில் மின்விசிறி நின்றுபோயிருந்தது. கரண்ட் இனி சாயங்காலம்தான். எதிர் நாற்காலியில் அவளுடைய கைப்பை இருந்தது. யாரும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது.

மறுமுனையில், பினாங்கிலிருந்து சமீனா.

இருவரும் சேர்ந்து எழுதிய கதை அது. த்வாண்டே கால்வாயின் அடியில் உறங்கும் நெருப்பு நாகம். அதை எழுப்பாமல் கடந்துபோக வேண்டிய இரண்டு பெண்கள். குயத்தி தெய்வானையுடையவள். மின்னி என்ற திருடி சமீனாவுடையவள். ஏழு பாகம் வரும் என்று இதே மேசையில்தான் பேசிக்கொண்டார்கள். அவரவர் பெண்ணின் பேச்சை அவரவர்தான் எழுத வேண்டும் என்பது ஒன்றே சட்டம். மின்னிக்காக ஒரு 'ம்' போடக்கூடத் தெய்வானைக்கு அனுமதி கிடையாது. குயத்தி ஏதாவது கேட்டதும் லேப்டாப்பை மேசைக்குக் குறுக்கே தள்ளுவாள். சமீனா தனக்குத்தானே சிரித்துக்கொண்டு பதில் அடிப்பாள்.

சமீனா பினாங்குக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் குயத்தி பாலத்தின் நடுவில் நின்று மின்னியிடம், "வருகிறாயா?" என்று கேட்டிருக்கிறாள். கதை அங்கேயே நிற்கிறது. சென்னைப் பதிப்பாளர் முடிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"நாலு வரிடி. பாலம் எரியுது, மின்னி விழுந்துட்டா. மிச்ச பாகமெல்லாம் உன்னோடது. வேல, புள்ள... என்னால இனிமே ஆகாது தெய்வா."

"சும்மா விழுறவளா அவ? வாயாடி. விழும்போதே நாகத்துக்கிட்ட சண்டைக்கு நிப்பா."

சமீனா சிரித்தாள். பழைய சிரிப்பு, மூக்கில் தொடங்குவது. மின்னி போய்விட்டால் இதைக் கேட்க வேறு என்ன சாக்கு இருக்கிறது என்று தெய்வானைக்குத் தோன்றியது.

"இந்த மாசத்தோட பதிப்பாளரு வேற கதைக்குப் போயிருவாருடி. அப்புறம் புத்தகமே இல்ல."

"தெரியும்."

"சரி, நானே சொல்றேன். நீ அடிச்சுக்க." பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "'நீ போய்க்கிட்டே இருடி, நான் வந்துர்றேன்.' அவ்வளவுதான். அப்புறம் பாலம் விழுது."

தெய்வானையின் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. கிளம்பிய அன்று விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவருகே பெட்டியை இழுத்துக்கொண்டே சமீனா சொல்லியிருந்தாள்: நீ எழுதிக்கிட்டே இருடி, நான் வந்துர்றேன். அது அவளுக்கு நினைவிருக்கிறதா, இல்லையா? கேட்கத் துணிவு வரவில்லை.

"அடிச்சிட்டியா?"

தெய்வானை கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். லேப்டாப்பைத் திருப்பி, காலி நாற்காலியின் பக்கமாக மெல்லத் தள்ளினாள்.

"இல்ல சமீ. உன் பக்கம் தள்ளி வெச்சிருக்கேன்."