மதாம் சிவநேசம் இன்றைக்கு வரமாட்டார்

நாலு தரம் மணி அடித்தது. பிறகு பள்ளிக்கூடத்தின் பதிவுப்பெட்டி பேசத் தொடங்கியது. ஒரு பெண் குரல், பிரெஞ்சில், அவசரமில்லாமல். ஞானேந்திரன் றிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு பிரிட்ஜில் ஒட்டியிருந்த மட்டையைப் பார்த்தார். எழுத்துத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி ஆஸ்பத்திரியில், மனைவி சிவநேசத்தின் தலைமாட்டில் விடுபட்டுப் போயிருந்தது. பார்க்கத் தேவையும் இல்லை. ‘பீப்’ கேட்டதும் சொன்னார்.

“பொஞ்சூர். மதாம் சிவநேசம் அப்சாந்த் ஒஜூர்துயி. மெர்சி.”

வணக்கம், சிவநேசம் ரீச்சர் இன்றைக்கு வரமாட்டார், நன்றி. ஒக்டோபர் மாதத்திலிருந்து, அவளுக்கு மருந்து ஏற்றுகிற நாட்களில் காலை ஆறரைக்கு அவர் சொல்லிவந்தது இதைத்தான். இது பெப்ரவரி, செவ்வாய்க்கிழமை. அவள் செத்து இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது.

மட்டையை எழுதியவள் சிவநேசம்தான். பிரெஞ்சைத் தமிழெழுத்தில் எழுதியிருந்தாள். அந்தத் தமிழெழுத்தையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். இரண்டாம் வகுப்போடு புகையிலைத் தோட்டத்துக்குப் போனவர் அவர். நாற்பத்தாறு வயதில், டவுன்டவுன் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிவிட்டு ரொக்ஸ்பரோ ரயிலில் வந்து இறங்கி, ஊறிச் சுருங்கிய விரல்களால் ‘அ’ எழுதினார். மேசையின் மற்றப் பக்கம் அவள் பிள்ளைகளின் இங்கிலீஷ் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பாள்.

“என்ரையையும் ஒருக்காத் திருத்துங்கோ ரீச்சர்,” என்று கொப்பியை நீட்டுவார்.

“வரிசையில வாங்கோ. உங்களுக்கு முன்னால இருபத்தாறு பேர் நிக்கினம்.”

தொலைபேசியில் சொல்லவும் அவள்தான் பழக்கினாள். குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்து, தானே ‘பீப்’ என்று சத்தமும் போட்டாள். “சண்டைக்குப் போறமாதிரிச் சொல்லுறியள். பள்ளிக்கூட ஒபிஸில இதைக் கேக்கிற ஜினெத் பயந்துபோவா. மெல்லமாச் சொல்லுங்கோ.”

புதன்கிழமையும் ஆறரைக்குப் போன் எடுத்து அதையே சொன்னார். வியாழக்கிழமையும் எடுத்தார்.

வியாழன் பின்னேரம் மண்டபத்தில் அவளைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். சனம் வந்தது. டவுன்டவுன் குசினிக்காரர்கள் வேலை உடுப்போடு வந்து ஓரமாக நின்றார்கள். லவாலில் இருந்து வந்த புஷ்பவதி, சிவநேசத்தின் தங்கை, மலர்வளையங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து வந்தாள்.

“அத்தான், பள்ளிக்கூடத்தின்ர எது?”

அவள் கடைசி வளையத்தையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பதினொரு வரியம் படிப்பிச்சவள். ஒரு பூ இல்லை, ஒரு குஞ்சு வரேல்லை. புட்டை மைக்ரோவேவில சூடாக்கினா மணக்குதெண்டு முகஞ்சுளிச்ச சனம்தானே. வேறென்ன செய்வினம்.”

“அது முதல் வரியம்,” என்றார் ஞானேந்திரன். “பிறகு அவையளே கேட்டு வாங்கித் திண்டவை.”

அது உண்மை. ஜினெத்துக்கென்று வெள்ளிக்கிழமைகளில் தனியாக ஒரு டப்பா போகும். காரம் குறைச்சல், தேங்காய்ப்பூ கூட. வேலைக்குப் போன முதல் நாள் சிவநேசம் வீட்டுக்கு வந்து சப்பாத்தோடே கதிரையில் விழுந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. “என்ர இங்கிலீஷைக் கேட்டு அதுகள் முழிக்குதுகள். அதுகளின்ர பிரெஞ்சைக் கேட்டு நான் முழிக்கிறன். நல்ல பள்ளிக்கூடம்.” அந்த மாரியில் இன்னொரு முறைப்பாடு. “வகுப்பு வாசல்ல பனிச் சப்பாத்து மலையாக் குவிஞ்சு கிடக்குது. தேர்த்திருவிழாவுக்கு வந்த சனத்தின்ர செருப்பு மாதிரி. ஒரு கால் இஞ்ச, மற்றக் கால் அங்க.” அடுத்த கிழமை அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். சுவரோரம் சோடி சோடியாக வைக்கப் பழக்கியிருந்தாள். பார்த்துவிட்டு அதிபர் மற்ற ரீச்சர்மாரையும் கூட்டிவந்து காட்டினாராம்.

தாட்சாயினி தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். செவ்வாய் பின்னேரம்தான் ஒட்டாவாவில் இருந்து வந்தவள்.

“அப்பா, ஸ்கூலுக்குச் சொன்னனீங்கள்தானே?”

“ஓம் பிள்ளை. எடுத்தனான்.”

“என்னெண்டு சொன்னீங்கள்?”

சொல்லிக் காட்டினார். பொஞ்சூரிலிருந்து மெர்சி வரைக்கும், மெல்லமாக.

மகள் அவர் பக்கம் திரும்பினாள். “எப்ப எடுத்தனீங்கள்?”

“செவ்வாய். நேற்றும். இண்டைக்கும்.”

“இண்டைக்குமோ?”

“வரேல்லைதானே பிள்ளை. வராட்டிச் சொல்லவேணும் எண்டுதானே அம்மா சொன்னவா.”

தாட்சாயினி அவருடைய கையைப் பிடித்தாள். எதிரே புஷ்பவதி யாருக்கோ பள்ளிக்கூடத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு எழும்பிப் போய், அவையிலை பிழையில்லை, என்னிலைதான் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. எழும்பவில்லை. சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். நடுவில் ஒரு பள்ளிக்கூட நாள்தான் இருந்தது.

“நான் எடுத்துச் சொல்லுறன் அப்பா.”

“வேண்டாம். நான்தான் எடுக்கிறனான். எப்பிடிச் சொல்லுறதெண்டு மட்டும் சொல்லு.”

வீட்டுக்கு வந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வாங்கிவந்த கண்ணாடியைப் போட்டு, மட்டையைப் பிரிட்ஜிலிருந்து கழற்றினார். மகள் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, சிவநேசத்தின் வரிக்குக் கீழே தன் கையால் எழுதினார். செத்துப்போனா. சனி, பத்து மணி. மண்டபத்தின் பெயர், தெரு. அவள் எழுத்து ஒரே அளவாக நின்றது. அவருடையது மேலும் கீழும் போனது. ஒரு இடத்தில் பேனை மட்டையைக் குத்திவிட்டது.

வெள்ளி காலை ஆறரைக்கு நாலு தரம் மணி அடித்தது. பதிவுப்பெட்டி பேசியது. ‘பீப்’ கேட்டது. அவர் இரண்டாவது வரியைச் சொன்னார். சண்டைக்குப் போகிறமாதிரி இல்லாமல்.

சனிக்கிழமை பனி கொட்டியது. ஐயர் மந்திரம் சொன்னார். பத்தே கால், பத்தரை. ஞானேந்திரன் வாசலைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். வாய்க்கரிசி போடச் சனம் வரிசையில் நின்றபோது, சத்தமே இல்லாமல் யாரோ பின்னால் சேர்ந்துகொண்டிருந்தார்கள். நடக்கிற சத்தம் கேட்கவில்லை. திரும்பினார்.

ஜினெத் நின்றாள். இரண்டு ரீச்சர்மார். தாய் தகப்பனோடு பத்துப் பதினைந்து பிள்ளைகள், சப்பாத்தில்லாமல், காலில் மேசோடு மட்டும். முன்னால் நின்ற சிறுமி, முன்னே போனவர்கள் செய்ததைப் பார்த்து அரிசியை அள்ளி, ஒரு மணி சிந்தாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். புஷ்பவதி கிட்ட வந்து, அந்தப் பிள்ளை எட்டுவதற்கு இடுப்பில் பிடித்துத் தூக்கினாள்.

மகள் காதோடு சொன்னாள். “மண்டபத்துக்காரன் சப்பாத்துக் கழட்டத் தேவையில்லை எண்டவன் அப்பா. பிள்ளையள் கேக்கேல்லை. மதாமிட்டைப் போகேக்கை கழட்டவேணுமாம்.”

அவர் வாசல் நடைக்கு வந்தார். சுவரோரம் பனிச் சப்பாத்துகள் சோடி சோடியாக நின்றன. பனி உருகிக் கம்பளத்தில் ஊறிக்கொண்டிருந்தது. வரிசைக் கடைசியில் ஒரு சின்னச் சிவப்புச் சப்பாத்து மட்டும் சரிந்து கிடந்தது.

“அத்தான்,” உள்ளேயிருந்து புஷ்பவதி கூப்பிட்டாள். “பெட்டி மூடப்போகினம்.”

“வாறன்.”

குனிந்து, அதை எடுத்து, மற்றக் காலுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார்.