புல்லில் கிடந்த கையுறை

1954 மே 6, வியாழன். இன்று கையுறையைப் புல்லிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். தவறு என்னுடையது.

எழுதிவிட்டு வெர்ன் டோபெக் பேனாவை மூடினார். தினமும் நாலு வரி எழுதச் சொன்னது மாலை வகுப்பு ஆசிரியை. பேஸ்பால் கைவிட்டால் நில அளவை வேலையாவது கிடைக்கட்டும் என்று அவர் சேர்ந்திருந்த வகுப்பு அது. உடை மாற்றும் அறை காலியாகிவிட்டது. மேனேஜர் பிக்கர்ஸ் இன்னும் கூப்பிடவில்லை. சனிக்கிழமைக்குள் அணியில் ஒருவரைக் குறைத்தாக வேண்டும். வெர்ன் அல்லது புதுப்பையன் ரக்மன்.

மைதானத்தில், ஓடுகிறவர்கள் தொட்டுப் போகும் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நின்று தரையில் வரும் பந்தையெல்லாம் வாரி எறிவதுதான் வெர்னின் வேலை. அதில் அவரை யாரும் குறை சொன்னதில்லை. மட்டையோடு வந்தால்தான் ஜனங்கள் வேர்க்கடலை வாங்க எழுந்து போவார்கள். ஒரு முறைகூட அவர் பந்து வேலியைத் தாண்டியதில்லை. ரக்மன் வாரத்துக்கு ஒரு முறையாவது தாண்டவைத்தான்.

போன வருஷம் வரை, தங்கள் அணி மட்டை பிடிக்கும் முறை வந்தால் எல்லோரும் கையுறையை நின்ற இடத்திலேயே எறிந்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். இந்த வருஷம் அது கூடாது என்று சட்டம். வருஷக்கணக்கான பழக்கம், கடைசிச் சுற்றில் வெர்னின் கை தானாக எறிந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

வெர்னின் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது; மூன்றாம் தளத்தில் ஓர் ஆள். மட்டையோடு வந்தவர் வெர்ன். பந்து சோம்பலாக எழும்பி அவர் வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் பின்னால் இறங்கியது. பிடிக்கப் பின்னால் ஓடிய எதிரணிக்காரன் கையுறையில் கால் வைத்து மல்லாந்தான். பந்து புல்லில் விழ, மூன்றாம் தளத்து ஆள் ஓடி வந்து ரன்னைச் சேர்த்தான்; கணக்கு சமம்.

"வெர்னோட கையுறை அவனவிட நல்லா அடிக்குதுடா!" என்று யாரோ கத்தினார்கள்.

நடுவர் கையுறையைத் தூக்கிக் காட்டினார். "யாருதுய்யா இது?"

"என்னுதுங்க."

"சட்டம் மாறிடுச்சே, தெரியாது? அந்த ரன் செல்லாது. நீ அவுட்!"

ஆட்டம் போயிற்று. அதிகம் நஷ்டப்பட்டவன், முழு ஆட்டமும் பந்து வீசிய ஹான்ராட்டி. இப்போது மேனேஜர் அறைக்குள்ளிருந்து கேட்டது அவன் குரல்தான்.

"கோபம் இல்லியாடா உனக்கு?" என்றார் பிக்கர்ஸ்.

"இருக்கு, அவன கொன்னுடலாம்னு இருக்கு. ஆனா நான் வீசினா எல்லாவனும் தரையோடதான் அடிக்கிறான். அந்த ரக்மன் பையன் காலுக்கு நடுவுல ரயிலே போகும் சார். வெர்ன் அடிச்சு நான் எந்த ஆட்டமும் ஜெயிக்கல, பிடிச்சுதான் ஜெயிச்சேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது.

"யோவ் வெர்ன், ரக்மன கீழ் அணிக்கு அனுப்புறேன். ஜூலை வரைக்கும் நீ இரு. அப்புறம் பாக்கலாம். இன்னொரு தடவ புல்லுல உன் கையுறை கெடந்துச்சு, அதையே வேகவெச்சு உன்னத் திங்க வெப்பேன்."

"சரிங்க சார்."

ஹான்ராட்டி அவர் முகத்தைப் பார்க்காமலே கடந்து போனான். நன்றி சொல்லியிருக்க வேண்டுமோ என்று வெர்னுக்குத் தோன்றியபோது வெளிக்கதவு சாத்தியிருந்தது. மறுபடி பேனாவைத் திறந்தார்.

நாளை மதியம் ஆட்டம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கையுறையை மாட்டியபடியே உள்ளே வர வேண்டும். ஹான்ராட்டிக்கு நன்றி சொல்ல வேண்டும்.