மான் வேட்டைத் திங்கள்

பள்ளி வாரியத்தில் எட்டுப் பேர் வாக்களித்துவிட்டார்கள். நாலுக்கு நாலு. ஒன்பதாவது ஆள் நான்.

மரியன் ஸ்ட்ரைக்கர் எங்கள் மாவட்டப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதுதான் கேள்வி. பிலடெல்பியாக்காரி. மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை எங்கள் பென்சில்வேனியா மலைப்பக்கம் ஊரே காட்டில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. நாட்காட்டியில் அதை விடுமுறையாகப் போடவில்லை. அதை அங்கீகரித்த வாரியத்தார் எங்களில் ஒருவனும் கவனிக்கவில்லை. அந்த நாளைக் காகிதத்தில் வேறு தேட வேண்டுமா என்ற நினைப்புதான்.

திங்களன்று பதினான்கு பேருந்து ஓட்டுநர்களில் ஐந்து பேர்தான் வந்தார்கள்.

வாக்கெடுப்புக்கு முன்னால், பெற்றோர்கள் பேசும் நேரத்தில் டேல் மைக் முன் வந்து நின்றான். தன் ஆறு வயது மகள் வராத பேருந்துக்காகப் பனியில் ஒரு மணி நேரம் நின்றதையும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் சொன்னான். பிறகு கேட்டான்: "அன்னிக்குப் பள்ளிக்கூடம் நடத்துங்கன்னு சொன்னது யாரு?"

சொன்னது நான். தப்பைக் கண்டுபிடித்து முந்தின வியாழனே மரியன் எனக்குப் போன் செய்தார். போக்குவரத்துக் குழுவுக்கு நான்தான் தலைவர். விடுமுறை விட வேண்டுமானால் அவசரக் கூட்டம் கூட்ட வேண்டும், வெள்ளி மாலை எல்லோரும் வர முடியுமா என்று கேட்டார். நான் துப்பாக்கியும் கம்பளியும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர்கள் வந்துவிடுவார்கள், தைரியமாக நடத்துங்கள் என்று சொல்லிவிட்டு வேட்டைக் குடிலுக்குக் கிளம்பினேன்.

இப்போது அவர் என் பெயரைச் சொன்னால் தீர்ந்தது. அரங்கில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள்.

மரியன் டேலைப் பார்த்துச் சொன்னார்: "கடைசி முடிவு என்னோடதுதான். உங்க பொண்ணு அங்க நின்னதுக்கு நான்தான் பொறுப்பு."

என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு அற்ப நிம்மதி.

வாக்கெடுப்பில் என் முறை வந்ததும் வாரியத் தலைவர் என் பெயரைக் கூப்பிட்டார். "வெய்ன்?"

"வேண்டாம்," என்றேன்.

கைதட்டினார்கள். டேல் வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தான். நான் கோழை. அன்றே அது எனக்குத் தெரியும்.

மரியன் காகிதங்களை அடுக்கி முடித்து, ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கிக்கொண்டே வந்தார். என் கையைப் பிடித்தபோது, டிசம்பரில் இந்த ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதைத்தான் சாதாரணமாகக் கேட்டார்.

"மான் கிடைச்சுதா, வெய்ன்?"