அவன் உயரத்துக்கு வைத்த இருக்கை

கார் ஒன்றுதான். அதை இரண்டில் ஒரு விதமாகத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று ராஜவேலு சொன்னார். திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகும் சாலையில் அவருடைய பட்டறை இருக்கிறது. நானும் என் மருமகள் ஆர்த்தியும் விழுப்புரத்திலிருந்து அந்தக் காரிலேயே போயிருந்தோம். என் மகன் பிரவீன்குமார் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கார் அவனுடையது.

"இப்ப இருக்கிற மாதிரியே ட்ராக் டே காரா வச்சிக்கலாம். ரோட்லயும் ஓட்டலாம், ட்ராக்லயும் ஓட்டலாம்," என்றார் ராஜவேலு. "பணம் கட்டினா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நம்ம இஷ்டம். யாருகூடவும் போட்டி கெடையாது. ரேஸுன்னா வேற கத. சீட்டு, கார்பெட்டு எல்லாத்தயும் பேத்துட்டு உள்ள இரும்புக் கூண்டு வெல்ட் அடிக்கணும். அப்பால ரோட்டுல எடுக்க முடியாது. லாரியில ஏத்திக்கினுதான் போவணும்."

"பாதி கூண்டு போட்டு ரெண்டுத்துக்கும் வச்சிக்க முடியாதாண்ணா?" என்று ஆர்த்தி கேட்டாள்.

"ஹெல்மெட் இல்லாம கூண்டுக்குள்ள உக்காந்தா, ஒரு சடன் பிரேக்குக்கே கம்பி மண்டைய பேத்துடும். காய் வாங்கப் போறப்ப ஹெல்மெட் மாட்டிக்கினு கார் ஓட்டுவியா?"

"எங்க அத்த மாட்டிக்கினா நானும் மாட்டிக்கிறேன்."

ராஜவேலு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "இப்பிடியே இருக்கட்டும்," என்றேன். இருபது கார்கள் ஒரே வளைவுக்குள் ஒன்றாக நுழைவதைப் பிரவீன் தன் போனில் காட்டியிருக்கிறான். அதை அரைகுறையாகப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். போட்டி இல்லாத ஓட்டம்தான் ஆபத்தில்லாதது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. ஆர்த்தியும் உடனே சரி என்றாள். அவ்வளவு சுலபமாக ஏன் ஒப்புக்கொண்டாள் என்று நான் யோசிக்கவில்லை.

பிரவீனுக்குப் பந்தயப் பாதையில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. ஐப்பசியில் ஒருநாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். முப்பத்து நான்கு வயது. ஆனாலும் கருமாதிக்கு வந்தவர்கள் காரைத்தான் திட்டினார்கள். வேகமாக ஓட்டி ஓட்டி நெஞ்சு பலவீனமாகிவிட்டதாம். ஆர்த்தியின் அம்மா கிளியம்மாள், காரை விற்றுவிட்டுத் தன் பெண்ணைத் தங்கள் ஊர் அனந்தபுரத்துக்கு அனுப்பும்படி என்னிடம் கேட்டாள். ஆர்த்திதான் போகவில்லை. மெடிக்கல் ஷாப் வேலையை விட முடியாது என்று ஒரு காரணம் சொன்னாள். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். பகலில் படிப்பேன், சமைப்பேன், அவள் வரும் நேரத்துக்கு வாசலைப் பார்ப்பேன்.

வைத்ததைச் சாப்பிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தெருவைக் கடக்கும்போது அவள் இரண்டு பக்கமும் பார்ப்பதில்லை என்று ஒருநாள் கவனித்தேன். ஒரு மினி பஸ் அவளை உரசிக்கொண்டு போனது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரின் உறையைக் கழற்றினாள். பிரவீன் இருந்தபோதே அவளும் அவனோடு போய் ஓட்டியிருக்கிறாள். வளைவுகளில் அவனைவிடச் சுத்தமாக ஓட்டுவாள் என்று ராஜவேலு சொல்வார்.

சென்னைக்குச் சற்று முன்னால் இருக்கும் அந்தப் பந்தயப் பாதைக்கு நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ராஜவேலு தனி வண்டியில் வந்தார். வெயில் தாளவில்லை. ஒரு தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தேன். கார் எங்கள் முன்னால் நேராகச் சீறிக்கொண்டு போகும், வளையும், மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். அதற்கப்புறம் சத்தம் மட்டும்தான். சத்தமும் தேய்ந்துபோன பிறகு, மறுபடியும் எங்கள் வெள்ளைக் கார் தெரியும்வரை அந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மத்தியானத்துக்குமேல் மற்றவர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். ஆர்த்தி மட்டும் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மறுபடி போனாள்.

"டயரு காஞ்சு போச்சும்மா. செத்த ஆற விடு," என்றார் ராஜவேலு.

"இன்னும் ஒரு தடவண்ணா."

அந்தத் தடவை கார் வரவில்லை. எழுந்து நின்றேன். ராஜவேலு கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் போன கார் ஒன்று முன்னால் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து எங்கள் கார் மெதுவாக ஊர்ந்து வந்தது. முன்பக்கமெல்லாம் புல்லும் மண்ணும். வளைவில் பாதையை விட்டு வெளியே போயிருக்கிறாள்.

ராஜவேலு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அவள் இடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு தலையணை நசுங்கிக் கிடந்தது. எங்கள் வீட்டுத் தலையணை. பச்சைப்பூ போட்ட உறை, போன வாரம்தான் துவைத்தேன். கார் ஓட்டும்போது முதுகுக்குப் பின்னால் அவள் அதை வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். முதுகு வலி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

"இதுகூடத்தான் ட்ராக்குக்கும் வந்தியா?" ராஜவேலுவின் குரல் உயர்ந்தது. "சீட்ட முன்னால தள்ளு. இல்லன்னா வண்டிய இங்கியே போட்டுட்டு பஸ்ல போ."

"தள்ள மாட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பிரவீன் ஆறடி. இது எம்மாம் ஒசரம்னு நீங்களே பாருங்கம்மா. அவன் வச்ச எடத்துல இருந்து அந்த சீட்ட ஒரு விரக்கட நகத்த மாட்டேங்குது. எத்தினி வாட்டி சொல்றது? கால் நுனியில பிரேக்க மிதிச்சிக்கினு வளைவுல போவுது. தலகாணி நழுவிச்சு, கால் எட்டல, அவ்ளோதான்."

அவள் எங்கள் இருவரையும் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "துப்பட்டாவால கட்டிக்கிறேன். இன்னும் ஒரு ரவுண்டுதான்."

நான் போய்க் காரின் முன்னால் நின்றுகொண்டேன். முகப்பிலிருந்து அனல் என் முழங்காலில் அடித்தது.

"நவுருங்க அத்த."

"மாட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

ராஜவேலு கையை உள்ளே விட்டுச் சாவியை எடுத்தார்.

பாதையை விட்டுப் போகையில் கார் எதிலும் மோதவில்லை. அடியில் பார்த்துவிட்டு ராஜவேலு சாவியைத் திருப்பிக் கொடுத்தார். திரும்பும்போது நெடுஞ்சாலையில் அவள் நிதானமாக ஓட்டினாள். முதுகுக்குப் பின்னால் அதே தலையணை. திண்டிவனம் தாண்டிக் கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நிறுத்தினோம்.

"ஏன் அப்பிடிப் போய்க்கினே இருந்த?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கறப்ப ஒண்ணும் தோண மாட்டேங்குது. எறங்குனா எல்லாம் வந்துடுது."

"வெளிய பாஞ்சப்ப இன்னா நெனச்ச?"

டீயை ஊதிக்கொண்டிருந்தாள். யோசித்துத்தான் சொன்னாள். "ஒண்ணும் நெனைக்கல. பயமே வரலத்த."

அதை ஒரு நல்ல சேதியைப் போலச் சொன்னாள். நான் டீயைக் கீழே வைத்தேன். ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று. இவள் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். திரும்பி வரவேண்டும் என்றும் நினைக்கவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்தாள். அவளை அப்படியே வைத்திருக்க அந்தக் கார் தோதாக இருந்தது. அதற்குச் சரி சொன்னவள் நான்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் பஸ் பிடித்துத் திண்டிவனம் போனேன். ராஜவேலு ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வரும்வரை காத்திருந்தேன்.

"ரேஸுக்கு மாத்தினா சீட்டு எப்பிடி?"

"யாரு ஓட்றாங்களோ அவங்க அளவுக்கு வச்சு போல்ட் போடறது. அது முன்னயும் போவாது, பின்னயும் போவாது. பெல்ட்டு உடம்ப அப்பிடியே கட்டிப்புடும். தலகாணிக்கெல்லாம் எடமில்ல."

"எப்ப முடியும்?"

அவருக்குப் புரியவில்லை. "இன்னாது?"

"ரேஸு. இவ இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு போய்க்கினே இருந்தா?"

"எட்டு ரவுண்டு. கட்டம் போட்ட கொடிய காட்டிட்டா முடிஞ்சுது. அப்பால கால்ல வுழுந்தாலும் உள்ள வுட மாட்டாங்க."

"எல்லாக் காரும் ஒண்ணா வளையுமே."

"வளையும். இடிச்சுக்கும். பொய் சொல்ல மாட்டேம்மா. கூண்டு இருக்கு, டாக்டரு, ஆம்புலன்ஸ் நிக்கும். ஆனா இடிச்சுக்கும்."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். ரொம்ப நேரம் அதில் உட்கார்ந்திருந்தேன். பயமில்லாத ஓட்டம் எதுவும் அங்கே இல்லை. எந்தப் பயத்தை எடுத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. காரையே விற்றுவிடலாம் என்றும் நினைத்தேன். விற்றால் அவள் ஸ்கூட்டரை எடுப்பாள். நெடுஞ்சாலை வாசலுக்கு அருகில்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "ரேஸே ஓட்டு."

"நீங்கதான வேணான்னீங்க?"

"ஆமா. இப்ப சொல்றேன்."

"சீட்ட எடுத்துடுவாங்கத்த."

"எடுக்கட்டும்."

"உங்க புள்ள உக்காந்த சீட்டு."

"எம்புள்ளதான் உக்காந்தான். உனக்கு அதுல கால் எட்டல."

எழுந்து அறைக்குள் போய்விட்டாள். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அடுத்த சில நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். அனந்தபுரத்துக்குப் போய்விடுவாள் என்றே நினைத்தேன். பிறகு ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டே, "சனிக்கெழம லீவு சொல்லியிருக்கேன். திண்டிவனம் போலாம்," என்றாள்.

ராஜவேலு நான்கு போல்ட்டைக் கழற்றி இருக்கையைத் தூக்கி வெளியே வேப்பமர நிழலில் வைத்தார். அதன் உட்காரும் இடம் கொஞ்சம் குழிந்திருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். புது இருக்கையில் ஆர்த்தியை உட்காரவைத்து அவள் முழங்கால் மடங்குவதைக் குனிந்து பார்த்து, முன்னால் நகர்த்தி, மறுபடி பார்த்தார்.

"மிதி."

மிதித்தாள்.

"இன்னா பூவயா மிதிக்கிற? முழுசா மிதி."

தரை வரைக்கும் மிதித்தாள். "எட்டுதுண்ணா," என்றாள். அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம் இருந்தது. இத்தனை நாளும் எட்டியதாகவே நினைத்திருந்திருக்கிறாள்.

பழைய இருக்கையை வீட்டுக்கு எடுத்துப் போகிறோமா என்று ராஜவேலு கேட்டார். ஆர்த்தி என்னைப் பார்த்தாள். யாருக்காவது ஆகுமா என்று கேட்டேன். இதே மாதிரிக் கார் ஒன்று கிளியனூரில் இருக்கிறது, சீட்டு கிழிந்துபோய் நாளாகிறது என்றார். கொடுத்துவிடச் சொன்னேன். காரைப் பட்டறையில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பி வந்தோம்.

அதற்குப் பிறகு பயிற்சி, லைசென்ஸ், கூண்டு என்று மழைக்காலம் வந்துவிட்டது. முதல் பந்தயத்தன்று கார் லாரியில் ஏறிப் போனது. நாங்கள் ராஜவேலுவின் வண்டியில் போனோம். மழை முதல்நாளே விட்டிருந்தது. கொடி அசைந்ததும் எல்லாக் கார்களும் ஒரே கூட்டமாக முதல் வளைவுக்குள் போயின. இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் கேட்டது. கண்ணை மூடிவிட்டேன். "நம்மளது இல்லம்மா, நம்மளது இல்ல," என்று ராஜவேலு என் தோளைத் தட்டினார்.

அவள் பத்தாவதாக வந்தாள், பிறகு ஒன்பதாவதாக. நான்காவது சுற்றில் ஏழாவது. ராஜவேலு தடுப்புச் சுவர்மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார். ஐந்தாவது சுற்றில் ஆறு கார்கள் போயின. அடுத்து வந்தது நீலம். அதற்கடுத்தது சிவப்பு. கடைசிக் காரும் போனது.

ராஜவேலு சுவரிலிருந்து இறங்கினார். அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கோ புகை வருகிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை. ஆம்புலன்ஸ் நின்ற இடத்திலேயே நின்றது. அது நல்லதா கெட்டதா என்றும் விளங்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் கார்கள் போயின. நான் எண்ணவில்லை.

தடுப்புக்குப் பின்னாலிருந்த மண்பாதையில் அவள் நடந்து வந்தாள். ஹெல்மெட் கையில் இருந்தது. பக்கத்தில், பாதையோரம் நின்று கொடி காட்டுகிறவர் ஒருவர்.

"இன்னா ஆச்சு?" ராஜவேலு ஓடினார்.

"பெட்ரோல் வாசன வந்துச்சுண்ணா. ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன்."

"ஏழாவதா போய்க்கினு இருந்த. இன்னும் மூணு ரவுண்டு தாங்கியிருக்கும்."

"தாங்கலன்னா?"

அவர் காரைப் பார்த்துவருகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த மண்பாதையில் போனார்.

ஆர்த்தி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றினாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அது வேறு யாருடைய கையோ என்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"பயந்துட்டேன் அத்த," என்றாள்.

கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. சீக்கிரம் நிற்கவில்லை அந்த நடுக்கம். நிற்கட்டும் என்று நான் அவசரப்படவும் இல்லை.