பன்னெண்டு வூடு

பஞ்சாட்சரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாரும் அவர்மேல் பழி போட முடியாது. காஞ்சிபுரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருப்பவர். வார்டில் ஒருவரும் மதிக்காத ஆளை எட்டடிக்கு 'மக்கள் திலகமாக' நிறுத்துகிறவர். சொந்த வீட்டுக்கு ஒரு வரலாறு அடிக்க மாட்டாரா?

தெருவில் அந்த வீட்டுக்குப் 'பன்னெண்டு வூடு' என்று பேர். அவருடைய தாத்தா தாயக்கட்டையை உருட்டிப் பன்னெண்டு போட்டு, எதிராளி பந்தயம் வைத்த வீட்டை அப்படியே வாரிக்கொண்டார். அன்றைக்குத் தாயம் அந்த லட்சணம்தான். மாடு, தறி, வீடு எல்லாம் கட்டத்துக்குள் போகும். அப்புறம் போலீஸ் வந்து ஆம்பிளைகளை விரட்டியதும், ஆட்டம் பெண்கள் கைக்கு வந்து சாதுவாகிவிட்டது. இப்போது அவர் மனைவி தேவகி ஞாயிறுதோறும் கூடத்தில் தாய மன்றம் நடத்துகிறாள். ஜெயித்தால் ஒரு எவர்சில்வர் டப்பா.

இன்று மகள் துர்காவைப் பெண் பார்க்கப் பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து வருகிறார்கள். பையன் பாலாஜிக்கு வங்கி உத்தியோகம். சீர்செனத்தி ஒன்றும் வேண்டாம், பெண் மட்டும் போதும் என்று சொல்லிவிட்ட குடும்பம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு இடமா! சூதில் வந்த வீடு என்று அவர்கள் காதில் விழுந்தால் எல்லாம் பாழ். அதனால் கூடத்துச் சுவரில் ஒரு பேனரை மாட்டினார்: 'தாயம்: பெண்களுக்குக் கணக்குச் சொல்லித்தர முன்னோர் கண்ட புனித விளையாட்டு. சூதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.' யாரும் கேட்காத கேள்விக்குப் பெரிய எழுத்தில் பதில்.

பையனின் அம்மா பட்டம்மாள் கேசரியைத் தொடவில்லை. தூணையும் உத்திரத்தையும் கல்யாணச் சேலை எடுக்க வந்தவள் மாதிரி நிதானமாகப் பார்த்தாள். கடைசியில் பேனரைப் படித்தாள்.

“இன்னாத்துக்குண்ணா பன்னெண்டு வூடுன்னு பேரு?”

“அதுவாம்மா? பன்னெண்டு ஆழ்வாருங்க. எங்க தாத்தா பெரிய பக்திமான்.”

“பேரு பஞ்சாட்சரம், வூடு ஆழ்வாரோடதா? நல்லா இருக்குதுண்ணா.”

தேவகிக்குப் புரையேறியது.

“பொண்ணு பாட்டெல்லாம் பாட வேணாம்பா. தாயம் ஒரு கை போடட்டும்” என்றாள் பட்டம்மாள்.

துர்கா பித்தளைக் கட்டைகளை உள்ளங்கையில் தேய்த்து உருட்டினாள். இரண்டிலும் புள்ளியில்லாத பக்கம் மேலே வந்தது. பன்னெண்டு!

“போச்சுடா வூடு!” என்று பட்டம்மாளும் அவள் வீட்டுக்காரரும் பாலாஜியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கத்திய பிறகுதான் பாலாஜி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணா” என்றாள் பட்டம்மாள். “எங்க வூட்ல பன்னெண்டு வுழுந்தா காலங்காலமா இப்படித்தான் கத்திக்கினு இருக்கோம். எங்க மாமனாரோட அப்பாரு இந்த வூட்டத்தான் வெச்சி ஆடினாரு. ஒங்க ஆழ்வாரு பன்னெண்டு போட்டுட்டாரு.”

பஞ்சாட்சரத்தை அவமானம் பிடுங்கித் தின்றது.

“எல்லாம் தெரிஞ்சிக்கினுதான் பொண்ணு கேட்டீங்களாம்மா?”

“தெரியாமலா சீரு வேணாம்னோம்? வெட்டுப்பட்ட காயி திரும்ப உள்ள வரணும்னா தாயம் வுழணும்ணா. நீங்க ஒத்தப் பொண்ணாப் பெத்து வெச்சிருக்கீங்க. ஒங்க காலத்துக்கு அப்புறம் வூடு வேற எங்க போவப்போவுது?”

வேண்டாம் என்றால் நல்ல மாப்பிள்ளை போச்சு. சரி என்றால் வீடு போச்சு. அவர் மகளைப் பார்த்தார். அவளோ பாலாஜியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஓகேப்பா.”

தேவகி அதற்குள் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாள். தாத்தாவாவது எதிரியிடம் ஜெயித்தார். இவர் கேசரி கொடுத்துத் தோற்றார். தட்டை வாங்கி நீட்டினார்.

பட்டம்மாள் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவரைக் காட்டினாள்.

“மொதல்ல அந்த பேனர கழட்டுங்க சம்மந்தி. சம்பந்தம் இல்லன்னு போட்டிருக்குது.”