பைலட்டின் இடது பக்கம்

பனியைப் பார்க்கப் போவது என்று முடிவானதிலிருந்து அந்தக் குடும்பத்தில் வேறு பேச்சே இல்லை. அன்று சாப்பிட்ட தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசையில் மலைப்பாதை வரைபடத்தை விரித்துப்போட்டு, ஏழு பேரும் அதன்மேல் கவிழ்ந்துகிடந்தார்கள். நடுவில் பைலட், எதிரே அவன் தங்கை.

பைலட் என்பது அண்ணனின் பட்டப்பெயர். விமானத்துக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருபத்தாறு வருடமாகச் சரக்கு லாரி ஓட்டுகிறான். எப்பேர்ப்பட்ட சந்திலும் கீறல் படாமல் வண்டியை நுழைத்து வெளியே எடுப்பான் என்று யாரோ விளையாட்டாக வைத்த பெயர், கடைசியில் பிள்ளைகள்கூட ‘பைலட் மாமா’ என்றே கூப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. பழைய ஜீப் ஒன்றை வாங்கி, எட்டு மாதம் அதனோடு மல்லுக்கட்டி, நாலு சக்கரமும் இழுக்கும்படி உயிர்கொடுத்து வைத்திருந்தான். பயணமே அந்த ஜீப்பை நம்பித்தான்.

“முதல் நாள் சமவெளி, பிரச்சினையே இல்ல. ரெண்டாம் நாள் காலையில இங்கே ஏறுறோம். பதினேழு வளைவு. ஏழாவதுக்கு மேல ரோடே தெரியாது, எல்லாம் வெள்ளைதான். அங்கே சக்கரம் வழுக்காம இருக்க செயின் மாட்டிக்கணும்.” விரலால் பாதையைத் தடவிக்கொண்டே போனான். “இடது பக்கம் பூரா பள்ளம். கீழே பார்த்தீங்கன்னா தலை சுத்தும். பார்க்காதீங்க.”

“நீங்க பார்த்து ஓட்டுங்க மச்சான், நாங்க கண்ணை மூடிக்கிறோம்,” என்றான் அவள் கணவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே இடது கையை வீசினான். முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்த டீ கோப்பை கவிழ்ந்து, மலை, பள்ளத்தாக்கு எல்லாவற்றின் மேலும் டீ ஓடியது.

“வெள்ளம் வந்து பாதையை மூடிடுச்சு!” என்று பிள்ளைகள் கத்த, அண்ணி துணியோடு ஓடி வந்தாள். மறுபடியும் ஒரே சிரிப்பு.

தங்கைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிப்பவள். ஒருவர் உள்ளே நுழைந்து நாற்காலியில் உட்காருவதற்குள் அவருக்கு என்ன குறை என்று பாதி தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தை அவள் கடையோடு விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். ஆனால் இன்று அண்ணன் வரும்போதே வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டான். போன மாதம் ஜீப்பின் இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. நிறுத்தி வைத்திருந்தபோது எவனோ இடித்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னான். இப்போது கோப்பை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால் எல்லாமே இடது பக்கம்.

அடுத்த ஞாயிறு, சக்கரத்தில் செயின் மாட்டிப் பழக எல்லோரும் ஊருக்கு வெளியே கல்குவாரிப் பக்கம் போனார்கள். போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வரும்போது நாற்சந்தியில், இடது பக்கமிருந்து குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையில் இறங்கினாள். ஓடி வரவில்லை, ஒளிந்து வரவில்லை. நிதானமாக, பட்டப்பகலில் எல்லோருக்கும் தெரியும்படி வந்தாள். பின்சீட்டில் இருந்த அவளுக்கே தெரிந்தது. ஜீப் வேகம் குறையவில்லை.

“அண்ணா, நிறுத்து! நிறுத்து!”

பிரேக் கிறீச்சிட்டது. பிள்ளைகள் முன்சீட்டில் போய் மோதினார்கள். குழந்தை வண்டிக்கும் ஜீப்புக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவுதான். அந்தப் பெண் வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“திடீர்னு வந்து விழுறாங்க பாரு,” என்றான் அண்ணன். அவன் கழுத்தில் வியர்வை வழிந்தது. வீடு வந்து சேர்ந்தார்கள். இறங்கிய பிறகு பார்த்தால், அது பிள்ளைகளுக்கு ஒரு வீரக்கதையாகிவிட்டிருந்தது. பைலட் மாமா பிரேக் அடித்த அழகை ஆளுக்கொரு விதமாக நடித்துக் காட்டினார்கள்.

அவனைக் கடைக்கு வரவழைக்க ஒரு சாக்கு வேண்டும். அதைப் பனியே கொடுத்தது. “பனியில வெயில் பட்டா கண்ணு கூசும். எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி எடுக்கணும், வந்து அளவு குடுத்துட்டுப் போ,” என்று போன் பண்ணினாள்.

புதன்கிழமை மதியம் வந்தான். கடையில் கூட்டமில்லை. எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று வாசித்தான். “கழுகுக் கண்ணுடி, உனக்கு இங்கே வேலையே இல்ல,” என்று எழுந்தவனை, “அஞ்சு நிமிஷம், இதையும் பார்த்துடலாம்,” என்று உள்ளறைக்கு அழைத்துப் போனாள்.

அங்கே ஓரப் பார்வையைச் சோதிக்கும் இயந்திரம் இருந்தது. பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றைச் சாய்த்து வைத்ததுபோல் இருக்கும். தாடையைப் பொருத்திக்கொண்டு நடுவிலுள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். எங்கேயாவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு கண்ணை மூடிவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டாள்.

டிக், டிக் என்று அழுத்திக்கொண்டே இருந்தான். அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. திரையைப் பார்த்ததும் அந்தத் தெம்பு போய்விட்டது. அந்த இயந்திரம் நடுநடுவே வெளிச்சம் காட்டாமல் சத்தம் மட்டும் எழுப்பும், ஆள் ஏமாற்றுகிறானா என்று பார்க்க. அண்ணன் ஒவ்வொரு சத்தத்துக்கும் அழுத்தியிருந்தான். வெளிச்சம் வந்த பல இடங்களில் அழுத்தவே இல்லை.

இயந்திரத்தை நிறுத்தினாள். “அண்ணா, சத்தத்தை வெச்சு அழுத்தாதே.”

அவன் தாடையை எடுக்கவில்லை. கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தபடியே சொன்னான். “தெரிஞ்சுபோச்சா?”

“உனக்கு எப்போ தெரியும்?”

“ஒரு வருஷமா. முதல்ல லாரி கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டேன். மாத்திப் பார்த்தேன். அப்புறந்தான் புரிஞ்சுது, கண்ணாடியில ஒண்ணுமில்லேன்னு.”

“கம்பெனியில கண்ணு பார்க்கலையா?”

“எழுத்து வாசிக்கச் சொல்வாங்க. எழுத்து நல்லாத்தானே தெரியுது.”

இரண்டு கண்ணையும் முறையாகச் சோதித்தாள். காகிதத்தில் வந்து விழுந்த படத்தில் இரண்டு கண்ணிலும் ஓரங்கள் கறுத்திருந்தன. இடது கண்ணில் பாதிக்கு மேல் கறுப்பு. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரித்துக்கொண்டிருந்தது. போன பார்வை திரும்பாது. மிச்சத்தையாவது காப்பாற்றலாம், உடனே பெரிய டாக்டரிடம் போனால். அதை அவள் எத்தனையோ பேருக்கு நிதானமாகச் சொல்லியிருக்கிறாள். இன்று பாதியில் திக்கி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

“இந்த ஒரு பயணம் மட்டும் குட்டி,” என்றான். “பிள்ளைங்க எவ்வளவு ஆசையா இருக்காங்க. போயிட்டு வந்ததும் சாவியை நானே குடுத்துடறேன். வேற வேலை என்னடி தெரியும் எனக்கு? நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டே. வந்தவங்க ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாதுன்னு உங்க தொழில்ல இருக்குல்ல?”

“அண்ணா, இடது பக்கம் பூரா பள்ளம்னு நீதானே சொன்னே?”

அவன் எழுந்தான். டாக்டருக்கு அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனான். கதவருகே வைத்திருந்த கண்ணாடிச் சட்டங்களின் அடுக்கை இடது கை தட்டிவிட்டது. அவன் நின்று பார்க்கவும் இல்லை.

அதன்பிறகு வந்த ஒன்பது நாட்களும் அவளுக்கு நெருப்பில் நிற்பதுபோல் கழிந்தன. பயணத்தைப் பற்றிய பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அண்ணன் தினமும் லாரி எடுத்துக்கொண்டு போகிறானே! தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு நின்றாள். போன் அடித்தால் எடுக்கப் பயந்தாள். எடுத்தால் அண்ணன், “போர்வை எத்தனை எடுக்கணும்?” என்று உற்சாகமாகக் கேட்பான். டாக்டரிடம் போனாயா என்று கேட்டால், “சிக்னல் சரியில்ல,” என்று வைத்துவிடுவான். கணவனிடம், “நான் வரல, பிள்ளைங்களும் வேண்டாம்,” என்று சொல்லிப் பார்த்தாள். “மச்சான் இருக்கும்போது என்ன பயம் உனக்கு?” என்று அவன் கம்பளித் தொப்பிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் பிழைப்பும் போகும், அண்ணன் உறவும் போய்விடும். சொல்லாவிட்டால் ஏழு பேர் உயிர்.

சனிக்கிழமை காலை ஜீப் வாசலில் வந்து நின்றது. மேலே மூட்டைகளைக் கட்டியாயிற்று. கணவனும் பிள்ளைகளும் பின்னால் ஏறினார்கள், அண்ணி நடுவில். அண்ணன் மகள் முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில். அவள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தாள். கதவைத் திறந்து ஏறப் போகாமல் வண்டியின் முன்பக்கமாக நடந்தாள். குறுக்கே நின்றுவிடுவது என்று மட்டும் முடிவுசெய்திருந்தாள். அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இடது முகப்பு விளக்கு வரை போனாள். அங்கேயே நின்றாள்.

என்ஜின் உறுமியது. “எல்லாரும் ஏறியாச்சா? குட்டி எங்கே?” என்றான் அண்ணன்.

மகள் சிரித்தாள். “விளையாடாதீங்கப்பா. அத்தை இதோ நிக்கிறாங்க.”

“எங்கே?” அவன் வலது பக்கம் திரும்பினான். பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தான். வாசல் கதவைப் பார்த்தான். கியரில் கை போனது.

“அப்பா! முன்னாடி! முன்னாடி நிக்கிறாங்க!”

கை நின்றது. அவள் இரண்டடி தூரத்தில் நின்றாள். ஆறு பேரில் ஐந்து பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னங்க,” என்றாள் அண்ணி மெதுவாக, “அவ நிக்கிறது உங்களுக்குத் தெரியலையா?”

அவன் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் திருப்பினான். தங்கை முகம் தெரிந்ததும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

“பயமா இருக்கு,” என்றான். “ஒரு வருஷமா தினமும் பயமா இருக்கு.”

அன்று யாரும் எங்கும் போகவில்லை. மூட்டைகள் கூடத்தில் கிடந்தன. அண்ணி அழுதாள், கணவன் எல்லோரையும் திட்டினான், முக்கியமாக, இத்தனை நாள் மறைத்த அவளை. திங்கட்கிழமை பெரிய டாக்டரிடம் போனார்கள். மிச்சமிருக்கும் பார்வையைச் சொட்டு மருந்தாலும் ஓர் அறுவைச் சிகிச்சையாலும் பிடித்து நிறுத்தலாம் என்றார். அன்றே அண்ணன் லாரிச் சாவியை ஒப்படைத்தான். இரண்டு மாதம் சும்மா இருந்தான். பிறகு அதே கம்பெனி, சரக்கு ஏற்றும் இடத்தில் மேற்பார்வை பார்க்க அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. அந்த இரண்டு மாதமும் அவன் அவளோடு பேசவே இல்லை.

அந்தத் திங்கட்கிழமை புறப்படும்போது டாக்டர் அவளைப் பார்த்து இன்னொன்றும் சொல்லியிருந்தார். “இது கூடப்பிறந்தவங்களுக்கும் வரலாம். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். பாடத்தில் படித்தது, தினமும் பிறருக்குச் சொல்வது. தனக்கென்று நினைக்கவே தோன்றவில்லை. அதன்பிறகும் அந்த உள்ளறைக்குள் பிறரைத்தான் உட்காரவைத்தாள். இன்று, நாளை என்று தள்ளிப்போட்டாள். கடைசியில் ஒரு மதியம் சகபரிசோதகியை இயந்திரத்தை ஓடவிடச் சொல்லிவிட்டு, கிண்ணத்தில் முகத்தை வைத்தாள். வெளிச்சம் வராத ஒவ்வொரு நொடியும், வந்து தனக்குத்தான் தெரியவில்லையோ என்று பட்டது. ஓரத்தில் ஒரு வெளிச்சம். டிக். அழுத்தினாள். காத்திருந்தாள். டிக்.

வெளியே வந்தபோது அண்ணன் உட்கார்ந்திருந்தான். அண்ணி சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் முதல் வார்த்தையாகக் கேட்டான். “கறுப்பு இருக்கா?”

“இப்போதைக்கு இல்ல. வருஷா வருஷம் பார்க்கணும்.”

அவன் மூச்சை விட்டான். “பிள்ளைங்க இன்னும் பனி பனின்னு உயிரை எடுக்குதுங்க. ஜீப்பை நீ ஓட்டுறியா? பக்கத்துல நான் உட்கார்றேன்.”

சின்னக் கார்தான் அவள் ஓட்டியிருக்கிறாள். அவ்வளவு பெரிய வண்டியை அவள் தொட்டதுகூட இல்லை. “எனக்கு பயமா இருக்கு அண்ணா,” என்றாள்.

“பயமா இருக்குன்னு சொல்றே பாரு,” என்றான் அவன், “அதுக்காகத்தான் உன்னைக் கேக்குறேன்.”